வெளுத்த வானம், அடைத்த கருப்பு: ஹிஸ்டோகிராமை வைத்துக் கோளாறு கண்டுபிடிப்பது

ஹிஸ்டோகிராம் நடுவில் மணியைக் கவிழ்த்த மாதிரி குவிந்திருந்தால் படம் சரி, ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் தப்பு என்றுதான் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தார்கள். அதை நம்பி, நிலா வெளிச்சத்தில் எடுத்த படங்களை எல்லாம் இழுத்துப் பிடித்து நடுவில் கொண்டுவந்து, இரவை மூட்டம் போட்ட பகலாக்கி வைத்தேன். அந்தப் படங்களில் கோளாறே இல்லை. கோளாறு என் வைத்தியத்தில்தான் இருந்தது.

ஹிஸ்டோகிராம் என்பது ஒரு தலைக்கணக்கு. படத்தில் உள்ள பிக்சல்களை வெளிச்ச வாரியாக எண்ணி அடுக்கி வைக்கிறது, அவ்வளவுதான். இடக்கோடி 0, அதாவது முழுக் கருப்பு. வலக்கோடி 255, முழு வெள்ளை. ஒரு இடத்தில் கோடு உயர்ந்திருந்தால் அந்த அளவு வெளிச்சத்தில் பிக்சல்கள் நிறைய இருக்கின்றன என்று பொருள். (லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருள் இதையே 0 முதல் 100 வரை சதவீதமாகக் காட்டும்.) எந்தப் பிக்சல் படத்தில் எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஒரு முகத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கலைத்துப் போட்டாலும் வரைபடம் அப்படியேதான் இருக்கும்.

அதனால் மலை எங்கே இருக்கிறது என்று பார்த்துக் கவலைப்படுவதில் பயன் இல்லை. அது காட்சியைப் பொறுத்தது. கோளாறு தெரிவது மூன்று இடங்களில்: இரண்டு ஓரங்கள், நடுவில் விழும் ஓட்டைகள், சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வண்ண சேனல்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இடங்கள். கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் படத்தில் தெரியும் அறிகுறியைத் தேடி அந்த இடத்துக்குப் போங்கள். முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

படத்தில் தெரிவது ஒன்று, வரைபடம் காட்டுவது வேறொன்று

மருந்து கொடுப்பதற்கு முன் தெர்மாமீட்டர் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. வரைபடமே தப்பாகக் காட்டும் சந்தர்ப்பங்கள் உண்டு.

செலக்‌ஷன் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். ஃபோட்டோஷாப், கிம்ப் போன்ற எடிட்டிங் மென்பொருள்களில் ஒரு பகுதி தேர்வில் இருந்தால் ஹிஸ்டோகிராம் அந்தப் பகுதிக்கு மட்டும்தான் கணக்குப் போடும். மூலையில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் செலக்‌ஷன் ஒன்று கிடந்து, அரை மணி நேரம் என்னை முட்டாளாக்கியது உண்டு. ஃபோட்டோஷாப்பில் கன்ட்ரோல்-டி, கிம்ப்பில் ஷிஃப்ட்-கன்ட்ரோல்-ஏ தட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

ஃபோட்டோஷாப்பின் ஹிஸ்டோகிராம் பேனலில் ஆச்சரியக்குறி போட்ட சின்ன முக்கோணம் தெரிந்தால், அது முழுப் படத்தையும் எண்ணாமல், நினைவில் வைத்திருக்கும் சுருக்கப் பிரதியை எண்ணிக் காட்டுகிறது. முக்கோணத்தைச் சொடுக்கினால் உண்மைக் கணக்கு வரும். சீப்புப் பல், ஓட்டை போன்ற நுணுக்கங்களைப் பார்க்கும்போது இது கட்டாயம்.

படத்துக்கு வெள்ளை பார்டர் போட்டிருந்தால் 255-இல் ஒரு கம்பம் நட்டிருக்கும். வரைபடம் அதன் உயரமான கோட்டை வைத்துத்தான் மற்றவற்றின் உயரத்தைத் தீர்மானிக்கிறது. அதனால் அந்த ஒரு கம்பம் மற்ற எல்லாவற்றையும் தரையோடு தரையாக அமுக்கிவிடும். பார்டரை கடைசியில் போடுங்கள்.

கேமராவின் பின்திரையில் தெரிவதை ரொம்ப நம்ப வேண்டாம். ராவில் (சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பில்) எடுத்தாலும் அங்கே காட்டப்படும் ஹிஸ்டோகிராம், ராவுக்குள் பொதிந்திருக்கும் ஜேபெக் முன்னோட்டத்துக்கு உரியது. கேமராவில் நீங்கள் வைத்திருக்கும் ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்தின் நிறத்துக்கு ஈடுகட்டும் அமைப்பு), கான்ட்ராஸ்ட், பிக்சர் ஸ்டைல் எல்லாம் அதில் கலந்திருக்கும். ஒருமுறை ஸ்டைலைப் பளிச்சென்ற நிறங்களுக்கு வைத்துவிட்டு மறந்துவிட்டேன். திரை முழுக்க வெள்ளைப் பகுதிகள் மினுக்கி மினுக்கி எச்சரித்தன. வெந்துபோய்விட்டது என்று பாதிப் படங்களை அங்கேயே அழித்தேன். வீட்டுக்கு வந்து மீதியைத் திறந்தால் எல்லாம் பத்திரமாக இருந்தன. அழித்தவற்றை நினைத்தால் இன்னும் வயிறு எரியும்.

வானம், வெள்ளைத் துணி, அருவி எல்லாம் வெறும் வெள்ளையாகத் தெரிகின்றன

வரைபடத்தில் வலது ஓரத்தில் ஒரு சுவர் எழும்பி நிற்கும். கோடு சரிந்து இறங்காமல் ஓரத்தில் மோதி மேலே ஏறியிருந்தால் கிளிப்பிங் நடந்திருக்கிறது. அந்தப் பிக்சல்களின் உண்மையான வெளிச்சம் வேறு வேறாக இருந்திருக்கும். 255-க்கு மேல் எண் இல்லாததால் எல்லாம் ஒரே எண்ணாகிவிட்டன.

எங்கே நடந்தது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். லைட்ரூமில் ஜே விசையைத் தட்டினால் வெந்த இடங்கள் சிவப்பாகவும் அடைத்த கருப்புகள் நீலமாகவும் தெரியும். ஃபோட்டோஷாப்பில் லெவல்ஸைத் (கருப்பு, நடு, வெள்ளை எல்லைகளை நகர்த்தும் கருவியை) திறந்து, ஆல்ட் விசையை அழுத்தியபடி வெள்ளை ஸ்லைடரை லேசாகத் தொடுங்கள். திரை கருப்பாகி, உச்சத்தை எட்டிய இடங்கள் மட்டும் தெரியும். வெள்ளையாகத் தெரிந்தால் மூன்று சேனலும் போய்விட்டன. சிவப்பாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால் ஒன்றிரண்டுதான் போயிருக்கின்றன.

இனிமேல் மூன்று கேள்விகள். வெந்த இடம் எது? சூரியன், எரியும் விளக்கு, தண்ணீரிலும் உலோகத்திலும் மின்னும் பளபளப்பு என்றால் விட்டுவிடுங்கள். அவை வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். அவற்றைப் பிடித்து இழுத்தால் விளக்கு சாம்பல் உருண்டையாகிவிடும். மேகம், துணியின் மடிப்பு, நெற்றி என்றால் வேலை இருக்கிறது.

கோப்பு ராவா, ஜேபெக்கா? ராவாக இருந்தால் திரையில் வெள்ளையாகத் தெரிவதற்கு அப்பாலும் கொஞ்சம் தகவல் மிஞ்சியிருக்கும். எக்ஸ்போஷரைக் (படத்தின் மொத்த வெளிச்சத்தை) குறைத்துப் பாருங்கள், பிறகு வெளிச்சப் பகுதிகளை மட்டும் மாற்றும் ஹைலைட்ஸை இடப்பக்கம் இழுங்கள். ஓரத்துச் சுவர் கரைந்து சரிவாக மாறினால் தகவல் இருந்தது என்று பொருள். எவ்வளவு மிஞ்சும் என்பது கேமராவையும் காட்சியையும் பொறுத்தது. ஒரு சேனல் மட்டும் போயிருந்தால் மென்பொருள் மற்ற இரண்டை வைத்து ஊகித்து நிரப்பிவிடும், பெரும்பாலும் நன்றாகவே நிரப்பும். மீட்கும்போது மேகத்தின் நடுவே இளஞ்சிவப்பு படர்கிறதா? சென்சாரில் பச்சை முதலில் நிரம்பிவிட்டது. ஒயிட் பேலன்ஸ் கணக்கு சிவப்பையும் நீலத்தையும் பெருக்கும்போது பச்சை மட்டும் பின்தங்கிப் போகிறது. ஹைலைட் மீட்புக்கு வேறு முறை இருந்தால் மாற்றிப் பாருங்கள், இல்லையென்றால் அந்த இடத்தின் நிறச்செறிவை மட்டும் குறைத்துவிடுங்கள்.

மூன்றாவது கேள்வி: கோப்பே வெந்ததா, உங்கள் எடிட்டிங் வேகவைத்ததா? எல்லா மாற்றங்களையும் அணைத்துவிட்டு மூல வரைபடத்தைப் பாருங்கள். சுவர் மறைந்துவிட்டால் குற்றவாளி நீங்கள் கூட்டிய கான்ட்ராஸ்ட்தான். இதுதான் அடிக்கடி நடப்பது, இதற்குத்தான் சிகிச்சையும் சுலபம்.

ஹைலைட்ஸைக் குறைத்தேன், வெள்ளை சாம்பலானதே தவிர ஒன்றும் திரும்பி வரவில்லை

இது மேலே சொன்னதன் தொடர்ச்சி. ஜேபெக்கில் நடக்கும். 255-இல் இருந்த சுவர் அப்படியே நகர்ந்து 235-இல் வந்து நிற்கும். அதற்கு வலப்பக்கம் வெறுமை. மலை சரிந்து இறங்காமல், மலைச்சரிவைக் கத்தியால் வெட்டின மாதிரி செங்குத்தாக முடியும். இந்த வெட்டு எங்கே தெரிந்தாலும், ஓரத்தில் இல்லாவிட்டாலும், அங்கே ஒரு பழைய கிளிப்பிங் புதைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். வேறு யாரோ எடிட் செய்து கொடுத்த படத்தைச் சோதிக்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்.

ஆயிரம் பிக்சல்களும் 255 என்று ஒரே எண்ணாக இருந்தால், குறைத்த பிறகு ஆயிரமும் 235 ஆகும். அவற்றுக்கு இடையே இருந்த வேறுபாடு எப்போதோ போய்விட்டது. ஸ்லைடரைத் திரும்பக் கொண்டுபோய் அதை வெள்ளையாகவே விடுங்கள். சாம்பல் வானத்தைவிட வெள்ளை வானம் மேல். அந்த இடம் படத்துக்கு உயிர்நாடி என்றால் வேறொரு படத்திலிருந்து வானத்தை எடுத்து ஒட்டுவதுதான் வழி; அது ஹிஸ்டோகிராமுக்கு வெளியே உள்ள கதை.

பூ ஒரே சிவப்புத் திட்டாக இருக்கிறது, ஆனால் வரைபடத்தில் தப்பே தெரியவில்லை

அனுபவசாலிகளையும் ஏமாற்றுவது இது. ஒரு சிவப்பு ரோஜா. இதழ்களில் நரம்பு இல்லை, மடிப்பு இல்லை, பிளாஸ்டிக்கில் வெட்டியெடுத்த மாதிரி இருக்கிறது. வரைபடத்தில் ஓரச்சுவர் எதுவும் இல்லை. எல்லாம் நடுவாந்தரமாக, ஒழுங்காகத் தெரிகிறது.

இதழின் மேல் சுட்டியை வைத்து இன்ஃபோ பேனலைப் பாருங்கள். ஃபோட்டோஷாப்பில் எஃப்8. சிவப்பு 255, பச்சை 38, நீலம் 52 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது லூமினாசிட்டி ஹிஸ்டோகிராம் என்றால், அது மூன்று நிறங்களையும் கண்ணுக்குத் தெரியும் விகிதத்தில் கலந்து ஒரே எண்ணாக்கும்: சிவப்பில் 30 சதவீதம், பச்சையில் 59, நீலத்தில் 11. கணக்குப் போட்டால் 76.5, 22.4, 5.7, கூட்டினால் சுமார் 105. வரைபடத்தில் இந்தப் பிக்சல் நடுவுக்கும் கொஞ்சம் இடப்பக்கத்தில், சாதுவாக உட்கார்ந்திருக்கும். சிவப்பு சேனல் செத்து சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. நீலம் இன்னும் மோசம். அதன் பங்கு 11 சதவீதம்தான் என்பதால், மேடை விளக்கின் நீலம் முழுக்க வெந்தாலும் லூமினாசிட்டி அசையாது.

ஆகவே பேனலை மூன்று சேனலும் தனித்தனியாகத் தெரியும்படி மாற்றி வைத்துவிடுங்கள், நிரந்தரமாக. ஃபோட்டோஷாப்பில் பேனல் மெனுவில் 'ஆல் சேனல்ஸ் வியூ'. கேமராவிலும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராம் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

சரிசெய்வதற்குப் பலர் முதலில் எக்ஸ்போஷரைக் குறைப்பார்கள். பூவோடு சேர்ந்து இலையும் பின்னணியும் இருட்டாகிவிடும். நான் செய்யும் வரிசை வேறு. முதலில் சேச்சுரேஷன், வைப்ரன்ஸ் இரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவருகிறேன். பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். பிறகு கேமரா புரொஃபைலை 'விவிட்' போன்றவற்றிலிருந்து 'நியூட்ரல்' அல்லது 'ஸ்டாண்டர்ட்' பக்கம் மாற்றுவேன். அதற்கும் அடங்கவில்லை என்றால் சிவப்பை மட்டும் எடுத்து அதன் லூமினன்ஸைக் குறைப்பேன். இதழின் நரம்பு மெல்ல எட்டிப் பார்க்கும்.

இதற்கு ஒரு தம்பி உண்டு: லைட்ரூமில் பூ அருமையாக இருந்தது, ஏற்றுமதி செய்த ஜேபெக்கில் திட்டாகிவிட்டது. லைட்ரூம் உள்ளே பரந்த நிறவெளியில் (காட்டக்கூடிய நிறங்களின் எல்லைக்குள்) வேலை செய்கிறது, ஹிஸ்டோகிராமையும் அதில்தான் காட்டுகிறது. வெளியே போவது எஸ்ஆர்ஜிபி. அதன் வாசல் குறுகலானது. 1996-இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் அன்றைய மானிட்டர்களை மனதில் வைத்து முன்வைத்த நிறவெளி அது. அந்த வாசலுக்குள் அடங்காத சிவப்பு ஓரத்தில் நசுங்கும். எஸ் விசையைத் தட்டி சாஃப்ட் புரூஃபிங்கை (வெளியே போகும் நிறவெளியில் படம் எப்படி இருக்கும் என்ற முன்னோட்டத்தை) போட்டு, புரொஃபைலாக எஸ்ஆர்ஜிபியைத் தேர்ந்தெடுத்தால் ஹிஸ்டோகிராமும் அதற்கேற்ப மாறும். ஏற்றுமதிக்கு முன்பே நசுங்கல் தெரிந்துவிடும்.

படம் முழுக்கப் பால் ஊற்றிய மாதிரி மங்கலாக இருக்கிறது

குவியல் நடுவில் சுருங்கி, இரண்டு ஓரங்களிலும் காலி நிலம் கிடக்கும். கருப்பு என்று சொல்ல ஒரு பிக்சலும் இல்லை, வெள்ளை என்று சொல்லவும் இல்லை. கண்ணாடி வழியாக எடுத்தது, லென்ஸில் நேராக வெளிச்சம் அடித்தது, தூரத்து மலை, பழைய படத்தை ஸ்கேன் செய்தது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

லெவல்ஸைத் திறந்து ஆல்ட்டை அழுத்தியபடி கருப்பு ஸ்லைடரை வலப்பக்கம் நகர்த்துங்கள். திரை வெள்ளையாக இருக்கும். முதல் புள்ளிகள் எங்கே முளைக்கின்றனவோ அங்கே நிறுத்தி, ஒரு நூல் பின்னால் வாருங்கள். வெள்ளை ஸ்லைடரையும் அப்படியே இடப்பக்கம். நடு ஸ்லைடரை கடைசியில் தொடுங்கள், ஓரங்களை நகர்த்தியதும் நடுவும் மாறிவிடும். லைட்ரூமில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு 'ஒயிட்ஸ்', 'பிளாக்ஸ்' என்ற சொற்களின் மேல் இரண்டு முறை சொடுக்கினால் அதுவே ஓரங்களைக் கண்டுபிடித்து வைக்கும். தொண்ணூறு சதவீதம் சரியாக இருக்கும், மீதியைக் கையால் திருத்திக்கொள்ளலாம்.

அதற்கு முன் ஒரு கேள்வி: அந்தக் காட்சியில் கருப்பு என்று ஏதாவது இருந்ததா? பனிமூட்டத்தில் கருப்பு கிடையாது. அதை 0 வரை இழுத்தால் மூட்டம் கலைந்து வெறும் கறைபடிந்த காடு மிஞ்சும். இரண்டு ஓரமும் காலியாக இருப்பதுதான் அந்தப் படத்தின் சரியான வரைபடம்.

பனிப்பாறை, வெள்ளைச் சுவர் போன்றவை அழுக்குச் சாம்பலாக வருவதும் இந்த வகைதான், ஆனால் காரணம் கேமராவின் மீட்டர். எதைக் காட்டினாலும் அதை நடுச்சாம்பலாகப் பாவிப்பது அதன் குணம். குவியல் ஒடுங்கி நடுவில் நிற்கும், வலப்பக்கம் காலி. எடுக்கும்போதே எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) கூட்டியிருக்க வேண்டும். இப்போது ராவில் எக்ஸ்போஷரைக் கூட்டி வலப்பக்கம் நகர்த்துங்கள். கான்ட்ராஸ்ட்டைக் கூட்ட வேண்டாம், இங்கே குறை அதுவல்ல.

வானத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள், வரைபடம் சீப்பு மாதிரி பல் பல்லாக

கணக்கைப் பார்த்தால் காரணம் உடனே விளங்கும். 8-பிட் படத்தில் மொத்தம் 256 படிகள். உங்கள் மங்கலான படம் 30-இலிருந்து 220 வரை உட்கார்ந்திருக்கிறது, 191 படிகள். அதை லெவல்ஸில் 0 முதல் 255 வரை இழுக்கிறீர்கள். 191 பேரை 256 நாற்காலிகளில் பரப்பி உட்கார வைத்தால் 65 நாற்காலிகள் காலியாகத்தானே இருக்கும்? அந்த 65 ஓட்டைகள்தான் சீப்பின் இடைவெளிகள். நடு ஸ்லைடரையும் கர்வ்ஸையும் (வெளிச்சத்தை வளைகோட்டால் மாற்றும் கருவியையும்) தொட்டால் ஓட்டைகள் ஒரு பக்கம் பெருகும். மறுபக்கம் இரண்டு படிகள் ஒரே நாற்காலியில் நெருக்கியடித்து உட்காரும். அங்கே கோடு ஊசி மாதிரி உயரும். ஓட்டையும் ஊசியும் மாறி மாறி வந்தால் அந்தக் கோப்பு பலமுறை இழுக்கவும் அமுக்கவும் பட்டிருக்கிறது.

சீப்பைப் பார்த்ததும் பதறிவிட வேண்டாம். இலை, கல், கூட்டம் நிறைந்த படத்தில் இந்த ஓட்டைகளைக் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. பட்டை தெரிவது வானம், மங்கலான பின்னணி, வெற்றுச் சுவர் என்று வெளிச்சம் மெல்ல மெல்ல மாறும் இடங்களில்தான். ஆகவே முதலில் நூறு சதவீத அளவில் வைத்து அந்த இடங்களைப் பாருங்கள். ஒன்றும் தெரியவில்லை என்றால் வரைபடத்தை மூடிவிட்டு வேலையைப் பாருங்கள்.

பட்டை தெரிகிறது என்றால் அதன் உருவத்தைக் கவனியுங்கள். மலைப்பகுதி மேப்பில் உயரக்கோடுகள் போடுவார்களே, அந்த மாதிரி வளைந்த பட்டைகள் என்றால் படிகள் போதவில்லை. சின்னச் சின்னச் சதுரக் கட்டங்கள் என்றால் அது ஜேபெக் சுருக்கம். ஜேபெக் படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்குகிறது. மூலக் கோப்பிலிருந்து தரத்தைக் கூட்டி மறுபடி சேமித்தால் போதும். வரைபடம் வழுவழுவென்று இருக்கிறது, ஓட்டையே இல்லை, ஆனாலும் பட்டை தெரிகிறதா? உங்கள் திரையைச் சந்தேகப்படுங்கள். அதே கோப்பை இன்னொரு திரையில் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

படிகள் போதாத கோப்புக்கு மருந்து: ராவிலிருந்து மறுபடி தொடங்கி, 16-பிட்டாகத் திறந்து, மாற்றங்களை அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் (மூலப் படத்தைத் தொடாமல் மேலே வைக்கும் அடுக்கில்) வையுங்கள். 14-பிட் ரா ஒன்றில் சேனலுக்கு 16,384 படிகள் இருக்கின்றன. அதில் வழக்கமான அளவுக்கு இழுத்தால் 256-க்குக் குறுக்கும்போது ஓட்டை விழாது. கிம்ப்பில் 2018-இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து 16-பிட் வசதி உண்டு. கையில் இருப்பது 8-பிட் ஜேபெக் மட்டும்தான் என்றால் 16-க்கு மாற்றுவதால் விழுந்த ஓட்டை அடையாது. ஆனால் இனி செய்யப்போகும் மாற்றங்களின் சேதம் குறையும், அதனால் மாற்றிவிட்டே தொடங்குங்கள். கடைசியாக, வானத்தை மட்டும் தேர்ந்தெடுத்து ஒன்றிரண்டு சதவீதம் நாய்ஸ் (புள்ளி இரைச்சல்) தூவுங்கள். பட்டைகளின் விளிம்பு உடைந்து கண்ணுக்கு மழுங்கிப்போகும். படத்தில் நாய்ஸைச் சேர்ப்பதா என்று முதலில் எனக்கும் கை வரவில்லை. செய்து பார்த்த பிறகு இதுதான் நான் அதிகம் பயன்படுத்தும் வித்தை.

இருட்டை ஏற்றினால் புள்ளி புள்ளியாக இரைகிறது

குவியல் இடப்பக்கம் ஒட்டிக் கிடக்கும். ஷேடோஸைக் (இருட்டுப் பகுதிகளை மட்டும் மாற்றும் ஸ்லைடரை) கூட்டினால் முகம் தெரிகிறது, கூடவே நிறப்புள்ளிகளும் மண்மாதிரி எழும்புகின்றன.

ராவில் படிகள் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. சென்சார் ஒளியை நேர்விகிதத்தில் எண்ணுகிறது. 14-பிட்டின் 16,384 படிகளில் பாதி, 8,192, உச்சத்தில் உள்ள ஒரே ஸ்டாப்புக்குப் போய்விடும். அடுத்த ஸ்டாப்புக்கு 4,096. இப்படிப் பாதி பாதியாக இறங்கி ஆறாவது ஸ்டாப்புக்கு மிஞ்சுவது 256. 12-பிட் என்றால் அதே இடத்தில் 64-தான். அதைவிட முக்கியமானது, அங்கே விழுந்த ஒளியே கொஞ்சம். கொஞ்சமான ஒளியில் இயல்பாக உள்ள ஏற்ற இறக்கத்தோடு சென்சாரின் சொந்த இரைச்சலும் சேர்ந்துகொள்கிறது. அதைப் பெருக்கினால் இரண்டும்தான் பெருகும்.

எடுத்துவிட்ட படத்துக்கு: நாய்ஸ் ரிடக்‌ஷனில் நிற இரைச்சலை நன்றாகவும், வெளிச்ச இரைச்சலைக் கொஞ்சமாகவும் குறையுங்கள். முழு இருட்டையும் ஏற்றாமல் பிரஷ்ஷால் முகத்தை மட்டும் ஏற்றுங்கள். பிறகு பிளாக்ஸைக் கொஞ்சம் இறக்கி மிச்ச இருட்டைக் கருப்பாகவே விடுங்கள். கருப்பு இடது ஓரத்தில் முட்டுவதைப் பற்றி, வெள்ளை முட்டுவதற்குப் பதறுகிற அளவு நான் பதறுவதில்லை. முடியின் இடுக்கிலும் நாற்காலியின் அடியிலும் என்ன இருக்கிறது என்று யாரும் தேடப்போவதில்லை. கொஞ்சம் முழுக் கருப்பு இருந்தால்தான் படம் ஊன்றி நிற்கும்.

இனி எடுக்கப்போவதற்கு: வலது ஓரத்தில் முட்டாத வரை வெளிச்சத்தைக் கூட்டி எடுத்துவிட்டு, எடிட்டிங்கில் இறக்கிக்கொள்ளுங்கள். ராவுக்கு மட்டும்தான் இது. ஜேபெக்கில் இந்த விளையாட்டு வேண்டாம்.

நடுச்சாம்பல் 128-இல் விழ வேண்டும் என்று எதிர்பார்த்து, குறைவாக இருக்கிறதே என்று ஏற்றிக்கொண்டே போகிறவர்களும் உண்டு. எஸ்ஆர்ஜிபியில் 18 சதவீதச் சாம்பல் அட்டை விழும் இடம் 118 வாக்கில். பத்துப் படி குறைந்தால் படம் இருட்டு என்று அர்த்தமில்லை.

ஜன்னல் வெளுத்து, ஆள் கருத்து

இடப்பக்கம் ஒரு மலை, வலப்பக்கம் ஒரு மலை, நடுவில் பள்ளத்தாக்கு. எதிர்வெளிச்சம். இரண்டு ஓரமும் முட்டாமல் இருந்தால் ஹைலைட்ஸை இறக்கி ஷேடோஸை ஏற்றினால் சரியாகிவிடும். ஆனால் இரண்டையும் கடைசிவரை தள்ளாதீர்கள். முகத்தைச் சுற்றி ஒளிவட்டம் படர ஆரம்பிக்கும். மலைகள் இரண்டும் நடுவில் வந்து மோதி, எல்லாம் ஒரே வெளிச்சத்தில் குளிக்கும். இரண்டு ஓரமும் முட்டியிருந்தால் காட்சியின் வீச்சு சென்சாருக்கு அடங்கவில்லை. ஒன்றைப் பலிகொடுக்க வேண்டும். ஆள் முக்கியம் என்றால் ஜன்னல் போகட்டும். ஆள் அசையாமல் இருந்து, வெவ்வேறு எக்ஸ்போஷரில் மூன்று படம் எடுத்து வைத்திருந்தால் மட்டும் இரண்டும் கிடைக்கும்.

படம் முழுக்க ஒரு நிறம் ஏறியிருக்கிறது

மூன்று சேனலின் வலது முடிவையும் ஒப்பிடுங்கள். சிவப்பு 250 வரை, பச்சை 240 வரை போய், நீலம் 205-இல் நின்றுவிட்டால் வெள்ளைகளில் மஞ்சள் ஏறியிருக்கும். லெவல்ஸில் நீல சேனலை மட்டும் தேர்ந்தெடுத்து, வெள்ளை ஸ்லைடரை அதன் குவியல் முடியும் இடத்துக்குக் கொண்டுவந்தால் பெரும்பகுதி சரியாகும். ராவில் ஒயிட் பேலன்ஸே போதும். சூரியன் மறையும் நேரத்துப் படத்தில் இதைச் செய்தால் மாலையே போய்விடும்; அங்கே சேனல்கள் ஒத்துப்போகாமல் இருப்பதுதான் காட்சி.

திரையில் அருமை, அச்சில் இருட்டு

படத்தை எடிட் செய்தது எவ்வளவு பிரகாசமான திரையில் என்று கேட்டால் பாதிப் பேர் முழுப் பிரகாசத்தில் என்பார்கள். அச்சுக்கான வேலைக்குத் திரையை சதுர மீட்டருக்கு 80 முதல் 120 காண்டெலாவுக்குள் வைப்பது வழக்கம். அதைவிட வெகு பிரகாசமான திரையில், படம் கண்ணுக்கு இதமாகத் தெரியும்வரை இறக்கிக்கொண்டே போயிருப்பீர்கள். கண் ஏமாந்தாலும் வரைபடத்தில் தடயம் இருக்கும். பகல் வெளிச்சத்தில் எடுத்த சாதாரணப் படம், ஆனால் குவியல் முழுவதும் இடப்பாதியில், 200-க்கு மேல் ஆளே இல்லை. அச்சகத்தைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள். நான் ஒருமுறை அச்சு தப்பு என்று சண்டை போட்டுத் திரும்ப அடிக்கச் சொல்லி, இரண்டாவது அச்சும் அதே இருட்டில் வந்த பிறகுதான் வரைபடத்தைத் திறந்தேன்.

வரைபடம் வலப்பக்கம்வரை ஒழுங்காகப் பரவியிருந்தும் அச்சில் நிழல்கள் மட்டும் அடைத்துக்கொண்டால், மை தாளில் பரவி நெருங்கிய படிகளை ஒன்றாக்குகிறது. எழுத்தோ முகமோ துணியின் இழையோ தெரிய வேண்டிய நிழல்கள் 10, 15-க்குக் கீழே கிடந்தால், கர்வ்ஸில் இடது காலை மட்டும் கொஞ்சம் தூக்கி, அந்தப் பகுதியை 20-க்கு மேல் கொண்டுவந்துவிட்டு ஒரு சின்னத் துண்டை முதலில் அச்சடித்துப் பாருங்கள். மறுகோடியில், துணியின் இழை தெரிய வேண்டிய வெள்ளைகளை 245-க்கு மேல் விடாதீர்கள். 255 என்றால் அங்கே மையே விழாது, வெறும் தாள்தான் தெரியும்.